மீன் ஏலக்கூடத்தில் எனக்குக் கிடைத்தவர்கள்

செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் வேலைக்குப் போகிறவள் நான். கதிர்வீச்சை அளந்து பார்க்கும் பிரிவு. பழைய உலை ஒன்றை ஒருநாள் நிறுத்திப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அதைப் பற்றி முன்கூட்டியே பக்கத்து மீனவக் குப்பத்து மக்களிடம் பேசுங்கள் என்று என்னையும் என் மேலதிகாரியையும் அனுப்பினார்கள்.

முதல் கூட்டம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. மேலதிகாரி திரையில் படம் படமாகப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் கரண்ட் போய்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த மீன் விற்கும் அக்கா சிரித்துவிட்டார்.

"நல்லதாப் போச்சு சார். படம் ஒண்ணும் புரில. வாயால சொல்லுங்க. பிரிச்சு எடுக்குறதயெல்லாம் எங்க கொண்டுபோய் வெப்பீங்க?"

"எல்லாம் பாதுகாப்பா செய்வோம்மா."

"அது சரி சார். எங்கன்னு கேட்டேன்."

அவர் மறுபடியும் பாதுகாப்பைப் பற்றியே பேசினார். பின்வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "அக்கா, அது இன்னும் முடிவாகலை. எங்களுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியாம இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "கத்தாத, உக்காரு. இப்பத்தான் ஒரு பதில் வந்துகீது."

வண்டியில் திரும்பும்போது மேலதிகாரி என் பக்கம் திரும்பாமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வேறு யாரையாவது கூட்டிப்போவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என்னைத்தான் கூப்பிட்டார். அங்கே போனதும், "போன தடவை நான் சரியா பதில் சொல்லலை. முடிவாகாத விஷயம் எதெதுன்னு முதல்ல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்! அவருக்கு நான் நன்றி சொன்னபோது, "நீ எழுந்து நின்னது எனக்கு அன்னிக்குப் பிடிக்கலை. வீட்டுக்குப் போய் யோசிச்சேன்" என்றார்.

குப்பத்தார் ஒன்று கேட்டார்கள். கடல்தண்ணீரையும் மீனையும் சோதனைக்கு எடுப்பதானால் எங்கள் படகில், எங்கள் கண் முன்னால் எடுங்கள். பாதியை நாங்கள் சொல்லும் கல்லூரிக்கு அனுப்புங்கள். மேலதிகாரி அலைந்து திரிந்து அனுமதி வாங்கினார்.

படகில் ஏறியது எனக்கு அதுதான் முதல்முறை. அலையைத் தாண்டியதுமே வாந்தி. "இன்னா மேடம், கடல அளக்க வந்துட்டு இப்டி சுருண்டு படுத்துகினு கீறீங்க?" என்று படகோட்டி சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் துண்டை நனைத்து என் நெற்றியில் போட்டார். எங்கள் சோதனை முடிவும் கல்லூரியின் முடிவும் ஒத்துப்போயின. ஏலக்கூடத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். விடாமல் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு பேச்சு நடத்தும் குழுவில் குப்பத்துப் பெண்களும் உட்கார்ந்தார்கள். அக்காவும்தான். ஒத்துவராத விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. சத்தமும் வரும். ஆனால் யாரும் எழுந்து போவதில்லை.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல். செங்கல்பட்டிலேயே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. கூட்டங்களுக்குப் போக முடியவில்லை. ஒரு மத்தியானம் அறைக் கதவு திறந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் இளநீரோடு நின்றார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, எங்களயெல்லாம் வுட்டுட்டு இங்க வந்து படுத்துகினு கீற?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுவாத, தையல் இழுக்கும்" என்று அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க சாரு வந்து நல்லாதான் சொல்றாரு. அவசரமில்ல, மெதுவா வா."

அருகில் நின்ற என் கணவர் இவர்கள் யாரென்று கண்ணால் கேட்டார். கூட வேலை செய்கிறவர்கள் என்று சொன்னேன். அந்த மூன்று பேரும் அதை மறுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் அந்த வருடத்து நெத்திலி மீன் வரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் நான் வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன்.