மஞ்சள் வைத்த விண்ணப்பம்

எழுபதுகளில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் தேடுவது என்றால் கடிதம் எழுதுவதுதான். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்தபடி பேராசிரியர்களுக்கு எழுதித் தள்ளினேன். நாலு பேர் இடமில்லை என்றார்கள். மற்றவர்களுக்கு அதைச் சொல்லக்கூட ஒரு கார்டு கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணிமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டார் தயாராக இருந்தார்கள்.

கடைசியாகச் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் விண்ணப்பப் படிவம் அனுப்பியது. ஒரே ஒரு படிவம். எழுதி முடித்து வைத்துவிட்டுப் பெரிய உறை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல அம்மா அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். சலவை சோடாவில் துணி அலசிய கை. ஈரம் பட்ட இரண்டு மூலைகள் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன.

"நல்ல காரியத்துக்குப் போற காயிதம். வெறுமனே அனுப்பலாமா?" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்? எல்லாத்தையும் பாழாக்கிட்டியே!" என்று கத்தினேன்.

மறுநாள் கடைசித் தேதி. வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள். மூத்தவர் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "என்னம்மா இது?" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீட்டு வேலைக்காரி தெரியாம வெச்சுட்டாங்க சார்."

எங்கள் வீட்டில் வேலைக்காரி! மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது முதல் கழனியில் களை பறிப்பது வரை எல்லாம் அம்மாதான்.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மூலை மட்டும் ஏன் சிவப்பு?" என்றார். மஞ்சளில் இருக்கும் சாயம் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் விட்டால் பழைய நிறத்துக்கு வரும் என்றேன். போரிக் அமிலத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். அரைமணி நேரம் அதிலேயே போனது. இடம் கிடைத்தது.

சேருகிற அன்று அம்மாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விடுதி வாசலில் அந்தப் பேராசிரியர் எதிரே வந்துவிட்டார். யார் என்று கேட்டதும், "அம்மா சார்," என்றேன். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"அந்தக் காயிதத்துல மஞ்சள் வெச்சது நாந்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு அன்னிக்கே திட்டிச்சு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தப்பே இல்லம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னாடி, அவரு உன்ன அப்பிடிப் பாத்துட்டுப் போறாரு?"

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "வேலைக்காரி வெச்சதுன்னு சொல்லிட்டேம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"எடம் குடுத்துட்டாங்க இல்ல, வுடு," என்றாள். பிறகு விடுதி கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, "நான் உள்ள வர்ல. உங்கூடப் படிக்கிறவங்க யாராச்சும் கேட்டா நீ இன்னா சொல்லுவ? போ," என்றாள்.

எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.