மொலஸ்கா என்றார் லோகநாதன்

ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் லோகநாதன் மேசையில் வைப்பார். உள்ளே கிடப்பது பாம்போ தேளோ, செத்து எத்தனையோ காலமாயிருக்கும். கேட்டால், "தூக்கம் கலையாம கீதான்னு பாக்கறேன்" என்பார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். ஜாடிகளில் ஊற்றும் பார்மலின் வாடை அவரோடு பஸ்ஸேறி வியாசர்பாடி வரைக்கும் போகும். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார். இவர் காலை நீட்டிக்கொள்வார்.

செய்முறைத் தேர்வன்று ஆளே வேறு. ஜாடிகளின் லேபிள்மேல் காகிதம் ஒட்டி மறைப்பது இவர் வேலை. பிள்ளைகள் ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்து, உள்ளிருப்பது என்ன, எந்த இனம் என்று எழுத வேண்டும். யாராவது பேனாவைக் கடித்தால் போதும், மனுஷனுக்குத் தாங்காது. ஜாடியைத் துடைக்கிற சாக்கில் கிட்டே போய், லேபிளில் உள்ளதை வாய்க்குள் முனகிவிட்டு வருவார். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். "நம்ம புள்ளைங்கோ பாஸாவணும்பா." இதைப் புண்ணியக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

இந்த வருஷம் கன்னியம்மா மகள் மகிழினி தேர்வெழுதினாள். லோகநாதன் குடியிருக்கும் அதே பிளாக். லிங்குலா ஜாடிக்கு முன்னால் நின்றாள்: நகம் மாதிரி இரண்டு ஓடு, கீழே வாலாட்டம் ஒரு காம்பு, கடலோரச் சேற்றில் வளை தோண்டி வாழும் பிராணி. 'பிராக்கியோபோடா' என்று அவள் பாட்டுக்கு எழுதிவிட்டாள். எட்டிப் பார்த்த லோகநாதன் பதறிப்போனார்; லேபிளில் இருந்தது மொலஸ்கா, நத்தை, மட்டி இனம்.

"கண்ணு, மொலஸ்கா. அட்ச்சிட்டு எய்து."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மாமா தப்பாகச் சொல்வாரா? அடித்துவிட்டு எழுதினாள். அந்த ஒன்றில்தான் தேர்ச்சி நழுவியது. மேற்படிப்புக்கு வாங்கி வைத்திருந்த இடமும் போயிற்று.

முடிவு வந்த அன்று அந்த ஜாடி லேபிளைப் பார்த்துத் துறைத்தலைவி சங்கமித்ரா தலையிலடித்துக்கொண்டார். இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, கதையைச் சொன்னார். முதலில் பேர் வைத்தவர் ஒற்றை ஓடு ஒன்றை மட்டும் பார்த்து நத்தைக் கூட்டத்தில் சேர்த்தாராம். பிறகு இன்னொரு ஓடும் உண்டென்று தெரிந்து மட்டியோடு சேர்த்தார்கள். மட்டிக்கு ஓடு இடமும் வலமும், இதற்கு மேலும் கீழும். உள்ளேயும் எல்லாம் வேறு. எனவே பிராக்கியோபோடா என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். அப்புறமும் விடவில்லை. நட்சத்திர மீனுக்குச் சொந்தம் என்றார்கள். மரபணுவைப் பார்த்து, இல்லை, நத்தைக்கும் புழுவுக்கும்தான் பங்காளி என்றார்கள். நடுவில் அதன் பேரையும் மாற்றிவிட்டார்கள். ஜாடி மட்டும் மாறவில்லை.

லோகநாதனுக்கு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் மேடம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலமே கன்னியம்மா படிக்கட்டில் மறித்தாள். "நீ அங்கதான இருந்த அண்ணே, இன்னா தப்பு பண்ணிச்சு அது?"

"புள்ள கொஞ்சம் கவனமா எய்தியிருக்கணும், தங்கச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தார், கதவோரத்தில் மகிழினி. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சீ, நானும் ஒரு மனுஷனா என்று தோன்றியது அவருக்கு. அப்புறம் அந்தப் படிக்கட்டையே விட்டுப் பின்பக்கமாக ஏறினார், இறங்கினார். வெட்கங்கெட்டவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார், ஆனால் மேடத்திடம் மட்டும் போகவில்லை.

அரியர் தேர்வுக்கு மகிழினி வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று லோகநாதன் முடிவு செய்திருந்தார். முதலில் அவளிடம், 'மாமா மேல தப்புடா கண்ணு' என்று; அப்படியே மேடத்திடமும். வெறுங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் நின்ற மேசைப் பக்கம் நடந்தார். அவர் வருவதை மகிழினி பார்த்தாள். எழுதியிருந்ததை இடது கையால் மூடிக்கொண்டாள்.