ஏழாவது அத்திப்பழம்

அர்பாப். அவர் மனைவி, நாங்கள் மேடம் என்போம். பெரிய பெண், பதினேழு வயது. சின்னப் பெண், ஆறு வயது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இலங்கை அக்கா. அந்த வீட்டுக்கார அம்மா. நான். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது ஏழு பேர்.

மூன்று வருஷம் ஆகிறது. ஆகஸ்ட் மாதம். நான் அல் ஐனில் ஒரு அரபி வீட்டில் சமையல்காரன். அர்பாப் என்றால் முதலாளி. வெயில் காலத்தில் அவர்கள் வெளிநாடு போவார்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்த வருஷம் இத்தாலி. சின்னப் பெண் வேற ஆள் கையால் சாப்பிட மாட்டாள் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

டஸ்கனி என்ற பக்கம். மலைமேல் ஒரு பழைய கல் வீடு. பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே ஒன்றும் இருக்காது, பனி மட்டும்தான். தூரத்து மலை ஊர்கள் அதில் தீவு மாதிரி மிதக்கும். எங்கேயோ மணி அடிக்கும். எந்த ஊர் மணி என்று தெரியாது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு மரமாகத் தெரியும். ஏ.சி. சத்தம் இல்லாமல் பதினோரு வருஷத்தில் நான் தூங்கியது அங்கேதான். முதல் நாள் விழித்தபோது காது அடைத்துப் போச்சோ என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தார். அர்பாப் குடும்பத்துக்காகப் பன்றி இறைச்சி, ஒயின் எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டார். சமையலும், சின்னப் பெண்ணுக்கு நான் செய்வது போக, பெரும்பாலும் அவரே. மாவைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி உருட்டி நூலாக நீட்டுவார். நானும் கூட நின்று உருட்டினேன். இடியாப்ப உரல் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. ரொட்டியைச் சுட்டு, பூண்டு தேய்த்து, பச்சையாக ஒரு எண்ணெய் ஊற்றுவார். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே கிடையாது.

“உப்புக்கும் பஞ்சமோ இந்த நாட்டில?” என்றார் அக்கா. “நீர் போய் ஒரு பிடி போட்டுக் குடும் தம்பி. புண்ணியமாப் போகும்.”

சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் முழுக்கப் படம். பழைய காலத்தில் சுவரிலேயே எழுதியது. ஒரு மேசை, மீன், ரொட்டி, தட்டில் அத்திப்பழம். பின்னால் ஒரு ஜன்னல், அதில் மலை. முதல் நாளே சின்னப் பெண் பழத்தை எண்ணிப் பங்கு வைத்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று ஆரம்பித்து, ஓரத்தில் இருந்ததை எனக்குக் கொடுத்தாள். ஏழு பேருக்கு ஏழு, சரியாகப் போச்சு. நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

நாலாம் நாள் காலை அவர்கள் எல்லாரும் மியூசியம் பார்க்கப் போனார்கள். வீட்டுக்கார அம்மாவும் வழி காட்டக் கூடப் போனார். அக்காவும் நானும்தான் வீட்டில். எனக்கு வேலை இல்லை. கை சும்மா இருந்து பழக்கமில்லை. அல் ஐனில் தூசி துடைப்பதுதான் பாதி வேலை. காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி மணல். மேடம் விரலால் தடவிப் பார்ப்பார்.

அந்தச் சுவர் மங்கலாக இருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். துணியை நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, எலுமிச்சை பிழிந்து ஓரத்தில் தேய்த்தேன். துணியில் பழுப்பாக வந்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷம். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

வந்தது அழுக்கு இல்லை. பழம்.

அக்கா ஓடி வந்தார். “ஐயோ, என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீர்!” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தரும் எண்ணிப் பார்க்க மாட்டினம். பேசாம இரும்.”

பேசாமல் இருந்தேன். எனக்கு அது வரும். ஊரில் என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விசாவைக் கேன்சல் செய்தால் அந்தப் படிப்பு அதோடு சரி.

மதியம் திரும்பி வந்தார்கள். தட்டு வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா அப்படியே நின்றார். சுவர்கிட்டப் போனார். விரலை நீட்டினார், தொடவில்லை. பெரிய பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேடம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையைக் கூட்டுவது அக்கா பொறுப்பு.

“நீயா?”

அக்கா தலை குனிந்தார். இல்லை என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. அக்டோபரில் அக்காவுக்கு லீவு. மகள் கல்யாணம். நாலு வருஷம் கழித்துக் கிடைத்த லீவு.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மேடம் இரண்டாம் தடவை கேட்டார். “இந்த வருஷம் உனக்கு லீவு மாஃபி” என்றார் மேடம். லீவு கிடையாது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“அனா, அர்பாப்” என்றேன். நான்தான் என்று அர்த்தம். அதற்கு மேல் அரபி வரவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “பிறகு பேசலாம்” என்றார் அர்பாப். வீட்டுக்கார அம்மா தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் போய்ப் பையைக் கட்டினேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

“உமக்கு என்ன விசரே? நான் சமாளிச்சிருப்பன்.” பைத்தியமா என்று கண் கலங்கித்தான் திட்டினார்.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். எல்லாரும் அந்த அறையில். வீட்டுக்கார அம்மா ஒரு நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டு, என்னை உட்காரச் சொன்னார். அர்பாப் நிற்கும்போது நான் உட்கார்ந்ததில்லை. அவரைப் பார்த்தேன். தலையை அசைத்தார். உட்கார்ந்தேன்.

“பார்” என்றார் அந்த அம்மா.

பார்த்தேன். நாலு நாளாக அங்கே நின்றும் நான் பார்க்கவில்லை. ரொட்டிமேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. மீன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஜன்னல் வெளிச்சம் அது. மாலை வெயில் உள்ளே வந்து சுவரில் ஏறியது. படத்து மலைமேலும் அதே வெயில். வெளியே இருக்கிற மலை எது, சுவரில் இருக்கிற மலை எது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பது மாதிரி அந்த மலைக்குள் போய்க்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் அந்த அம்மா சொல்லச் சொல்ல, பெரிய பெண் எனக்குப் புரியும்படி மெதுவாக அரபியில் சொன்னாள். ஈரச் சுண்ணாம்பில் எழுதினால் போகாதாம். காய்ந்த பிறகு எழுதினால் நிற்காதாம். பழம் மட்டும் காய்ந்த பிறகு எழுதியது. திரும்ப எழுதச் சொல்லலாமா என்று அர்பாப் கேட்டார். கூடாது என்றார் அந்த அம்மா. போன இடம் போனதாகவே தெரிய வேண்டும், அதுதான் அவர்கள் முறையாம்.

“வருகிறவர்கள் கேட்டால்?” என்றாள் பெரிய பெண்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“அல் ஐனில் இருந்து ஒருத்தர் வந்தார், தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டார் என்று சொல்வேன்.”

சின்னப் பெண்தான் முதலில் சிரித்தாள். அர்பாப் சிரிக்கிற ஆள் இல்லை. “கலாஸ்” என்றார். முடிந்தது. பிறகு அந்தப் பேச்சே இல்லை.

மீதி நாளில் தினம் காலை அந்த அம்மா மரத்திலிருந்து ஒரு அத்திப்பழம் பறித்து என் கையில் வைப்பார். பனி ஈரத்தோடு சில்லென்று இருக்கும். பிளந்தால் உள்ளே சிவப்பு. முதல் நாள் சாப்பிடாமல் வைத்துவிட்டேன். அப்புறம் சாப்பிட்டேன்.

அக்கா அக்டோபரில் லீவில் போனார். கல்யாண போட்டோ அனுப்பினார். நான் அதே வீட்டில், அதே அடுப்படியில். தூசியும் அதே தூசி. ஆனால் ஈரத் துணியை எதன்மேல் வைத்தாலும், வைக்கும் முன் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். அந்த நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போன வாரம் புருஷனோடு அந்த வீட்டுக்குப் போய், சுவரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். ஓரத்தில் வெறும் சுண்ணாம்பு, அப்படியே இருந்தது. பெரிதாக்கி எண்ணினேன்.

ஆறு.