பல் தெரிய ஒரு படம்

ஆள்காட்டி விரலால் தன் முன்பல்லைத் தட்டிக் காட்டுகிறார் முகைதீன் பிச்சை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாள் உதட்டை இன்னும் இறுக்கிக்கொள்கிறார். மறுபடியும் தட்டுகிறார்.

"ஆத்தா, சிரிக்கச் சொல்லலை. சிரிப்பு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பல்லு தெரியணும்."

"பல்லு எங்கிட்டு இருக்கு பாய்?"

"ஈறு இருக்குல்ல? அதைக் காட்டு, வெரசா."

பூக்காரம்மாள் சிரித்துவிட்டார். படம் எடுத்தாகிவிட்டது. எடுத்தவர் முகத்தில் மட்டும் வட்டிக்கடைக்காரரின் கடுகடுப்பு அப்படியே இருக்கிறது. "ஊருக்கெல்லாம் பல்லு, வீட்டுல உதடுகூடப் பிரியாது" என்பது அவர் மனைவி கமர்நிசாவின் கணிப்பு.

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏலக்காய் லாரிகளின் புகையை நாள் முழுதும் வாங்கிக்கொண்டிருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. வாசலில், போகிற பஸ்சிலிருந்தும் படிக்கிற மாதிரி ஒரு பெரிய பலகை. ஊரில் யாராவது யாருக்காவது நல்லது செய்தால் செய்தவர் படம் அதில் ஏறும். செய்த காரியம் கீழே இரண்டு வரியில். செய்தவரே வந்து சொன்னால் செல்லாது. சொன்னவர் யார் என்பது வெளியே வராது. உதவி பெற்றவர் முகமும் வராது. சங்கத்து விழாக்களுக்குப் படமெடுத்துப் பெற்ற ஞானம் அது. ஒரு போர்வையை எட்டுப் பேர் பிடித்துக் கொடுக்க, வாங்குகிறவர் எட்டுப் பேருக்கும் பின்னால் எங்கோ மறைந்திருப்பார். "போர்வை ரொம்பக் கனம் போல" என்பார் பிச்சை. அப்படிச் சொல்லிக்கொண்டே போய்ப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டும் வருவார்.

பல் விதி பிற்பாடு வந்தது. அதற்குக் காரணம் தவசி.

தவசி மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். மலைத் தோட்டத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு அங்கே காய்ச்சல் கண்டபோது, ஏற்றவேண்டிய லோடை அப்படியே விட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவந்தார். பலகையில் ஏறிய முதல் படம் அவருடையது. பிச்சையின் அன்றாடப் பிழைப்பு கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பது. கை பழக்கப்படி தவசிக்குப் பின்னாலும் நீல வானம், வெள்ளை மேகம் போட்டார். கீழே "நல்ல மனிதர் தவசி" என்றும் எழுதினார். உயிரோடு இருப்பவனை நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

தவசியின் அண்ணன் காசிமாயனுக்குத் தேவாரத்தில் விவசாயம்; பக்கத்திலேயே தவசிக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. பொதுக்கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்ற முறையில் தகராறாகி, அண்ணன் தம்பிக்குள் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர் போடிக்கு வந்த பஸ்சிலிருந்து பலகையைப் பார்த்தார். இறங்கினார். மாலை வாங்கினார். ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, "என்னைக்குய்யா போனான்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த தவசி சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"யாருக்கு மாலை?"

"உனக்குத்தான்டா."

இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவே. காசிமாயன் மாலையை ஸ்டூலின் மேல் எறிந்துவிட்டு அடுத்த பஸ்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் தவசியின் மனைவி சோலையம்மாள் வந்தார். "மஞ்சக் குங்குமத்தோட இருக்கவ வீட்டுக்கு எழவு கேட்டு வர்றாக பாய்! அந்த மேகத்தை மொதல்ல எறக்குங்க."

மேகம் இறங்கியது. "செத்தவன் படத்துல எவனாச்சும் பல்லைக் காட்டிப் பாத்திருக்கீகளா?" என்று பிச்சை தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அன்றிலிருந்து பல்லைத் தட்ட ஆரம்பித்தார்.

பலகைக்காகவே நல்லவர்களாகிறவர்களும் உண்டு. ஏலக்காய் வியாபாரி ஒருவர் ஸ்டுடியோ வாசலில் நின்று ஒரு மாட்டுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வைத்தார். தாகம் மாட்டுக்கு இல்லை. பிச்சை வெளியே வந்து பார்த்தார். மாட்டை மட்டும் படமெடுத்தார். "வேண்டாவிட்டாலும் மனம் நோகாமல் குடித்தது" என்ற வரியோடு அது ஒரு வாரம் பலகையில் இருந்தது. பல் தெரிந்தது.

போன மாதம் தவசி வந்து ஸ்டுடியோவில் சும்மா உட்கார்ந்திருந்தார். 

"என் முறை அன்னைக்கெல்லாம் கரண்டு இல்ல பாய். தக்காளிச் செடி வாடிப்போச்சு. போய்ப் பாத்தா வாய்க்கா நெறையத் தண்ணி ஓடுது. அண்ணன் அது முறைத் தண்ணிய என் தோட்டத்துக்குத் திருப்பி விட்டுருக்கு."

"அதை அண்ணங்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே மாப்ளே?"

"அதெல்லாம் பழக்கமில்ல. நீங்க போர்டுல போடுங்க. பஸ்சுல போகயில அண்ணனே பாத்துக்கிரும்."

படம் வேண்டுமே? ஒரு ஞாயிற்றுக்கிழமை தவசியின் ஜீப்பிலேயே தேவாரம் போனோம். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நானும் வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டேன். தவசி தோட்டத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். காசிமாயன் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கல்லாகிவிட்டது.

"நானும் செத்துட்டேன்னு ஊரு பேசவா?"

பிச்சை காமிராவைத் தூக்கிக்கொண்டு பல்லைத் தட்டினார். காசிமாயன் உதட்டை அசைக்கவில்லை.

"தண்ணி விட்டதை யாரு சொன்னா?"

"சொல்ற வழக்கமில்ல."

"அப்பப் படமும் வேணாம். கெளம்புங்க பாய்."

பிச்சை தன் விதியை இன்றுவரை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை என்று சாதிப்பார்.

"சொன்னது யாருன்னு கேக்காதீக அண்ணே. எங்களைக் கூட்டியாந்தது யாருன்னு கேளுங்க."

காசிமாயன் கையை நெற்றியில் வைத்து வெயிலைத் தாண்டிப் பார்த்தார். ஜீப்பு தெரிந்தது. ஜீப்புக்குள் வேறு எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த தலையும் தெரிந்தது.

"டேய்! வேகுற வெயில்ல அங்க என்னடா சோலி? எறங்கி வா!"

ஜீப்பின் கதவு திறந்தது. காசிமாயனின் வெற்றிலைக் காவி ஏறிய பற்கள் முழுதாகத் தெரிந்தன. படமெடுக்கும்போது கண் கொஞ்சம் விலகினாலும் "இங்கிட்டுப் பாரு" என்று அதட்டுகிற பிச்சை அன்று வாயைத் திறக்கவில்லை. ஜீப்புக்கும் அண்ணனுக்கும் நடுவில் தான் நிற்பதைக் கவனித்து, ஓர் எட்டு ஒதுங்கி வரப்பிலிருந்து இறங்கினார். சட்டைப்பையில் துழாவி எடுத்த மூடியை, படம் எடுக்காமலே காமிராவுக்கு மாட்டினார்.