பெருவிரலைக் கட்டாதீங்க

நம்பாதவன் நம்பாமலே போகட்டும். கழுகுமலையில எங்க தெரு காளீஸ்வரிக்குப் போன ஆவணியில நடந்தது இது. ராத்திரி இல்ல, சுடுகாடும் இல்ல. பட்டப்பகல்ல, ஏசி ரூமுக்குள்ள. குலசாமி அறிய ஒரு சொல் கூட்டிச் சொல்லல.

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறவ. ரெண்டு வருசமா இடது கால் உரல் கணக்கா வீங்கிக் கெடந்துச்சு. சம்மணம் போட்டு உக்கார முடியல, வேலையும் போற நெலமை. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாரு வீட்டுக்காரர் முத்துசெல்வம்.

"பாதத்துல மருந்து ஊசி போடுவோம். அது நிணநீர் ஓடுற வழியில மேல ஏறுதான்னு கேமரா காட்டும். ஏறுனா காலைச் சரிபண்ணிரலாம். ஏறலைன்னா கஷ்டம்மா"ன்னுட்டாங்க டாக்டர்.

ரெண்டு பாதத்துலயும் விரல் இடுக்குல ஊசி. அடி ஆத்தீ, என்னா வலி! பெறகு படம் எடுக்கிற லிங்கராஜ் அவளை மெசின் கட்டில்ல படுக்க வச்சான். கால் ஆடக்கூடாதுன்னு பெருவிரல் ரெண்டையும் சேத்து பிளாஸ்திரி சுத்துனான்.

காளீஸ்வரி தலையைத் தூக்கிக் கால் விரலைப் பாத்தா. மூச்சு நின்னவங்களுக்கில்ல அப்படிக் கட்டுவாக?

"ஏ தம்பி, அவுத்துரு. நான் உசிரோடதான இருக்கேன்."

"அரை மணி நேரம்தான்க்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுங்க." கதவைச் சாத்திட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டான்.

மணி பதினொண்ணு இருபது. மெசின் தட்டு எறங்கிக் காலை மறைச்சுட்டு. ம்ம்ம்ம்...னு ஒரே ரீங்காரம்.

இடது கணுக்கால்ல ஒரு கை பட்டுது. சில்லுன்னு...

"யாரு, தம்பியா?"

ஸ்பீக்கர்ல குரல் வந்துச்சு. "நான் வெளியதான் இருக்கேன்க்கா. ஆடாதீங்க."

இன்னொரு கை.

முழங்கால்ல இன்னொண்ணு... பொணத்தைத் தூக்கப் பிடிக்கிற மாதிரி, கெட்டியா.

காலடியில விசும்பல்... ஒரு ஆளோடது இல்ல, பல பேரு.

"தூக்குங்க... நேரமாச்சு..."

அலறிட்டா.

லிங்கராஜ் ஓடியாந்து பிளாஸ்திரியைப் பிய்ச்சு எறிஞ்சான். அறையில வேற யாருமில்ல.

சாயங்காலம் டாக்டர் முத்துசெல்வத்தை மட்டும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டுனாங்க. வலது கால்ல மருந்து தொடை வரைக்கும் ஏறி வெளிச்சமாத் தெரியுது. இடது கால்... இருட்டு. ஒரு விரக்கடை கூட ஏறல.

ஆனா, அந்தக் காலைச் சுத்தி வெள்ளை வெள்ளையாக் கைகள். விரல் விரலாத் தெரியுது.

"யாரும் உள்ள போயி காலைப் பிடிச்சாங்களாம்மா?"ன்னு டாக்டரம்மாவைக் கேட்டாரு முத்துசெல்வம்.

"பிடிச்சாலும் படத்துல விழாதுங்க. எதுக்குள்ள மருந்து போயிருக்கோ அதுதான் விழும்."

அவ இடது பாதத்துல போட்ட மருந்து மொத்தமும் அந்தக் கைகளுக்குள்ள இருந்துது.