சொந்தக்காரர் வாசலில் நின்ற கரவன்

ரதிதேவி என் ஒன்றுவிட்ட தம்பி யசீகரனின் மனைவி. யசீகரனின் தாயும் என் தாயும் கூடப்பிறந்தவர்கள். ரதிதேவி இருபத்திரண்டு வருடம் ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில், எனக்கு அடுத்த தெருவில்தான் இருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. யசீகரன் பஸ் ஓட்டுகிறவன். ஒரே பிள்ளை அபிதா படித்து முடித்து வெலிங்டனில் அரசாங்க வேலைக்குப் போய்விட்டாள். இவ்வளவு கிட்ட இருந்தும் ரதிதேவிக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்வரை எனக்குத் தெரியாது.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நாலு வருடம். வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம், ஒரு பை மருந்துத் தண்ணீரை அந்தக் குழாயால் வயிற்றுக்குள் விட்டு, உள்ளே இருந்த பழைய தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் முக்கால் மணித்தியாலம். முகத்துக்குத் துணி கட்டி, யன்னலைச் சாத்தி, கையை முழங்கை வரை கழுவிச் செய்கிற வேலை. குழாயின் நுனியில் விரல் பட்டாலே கிருமி போய்விடும். நாலு வருடத்தில் அவளுக்கு ஒரு தரம்கூடக் கிருமி பிடிக்கவில்லை. புதிதாக வருகிற நோயாளிகளுக்குத் தாதி இவளைத்தான் உதாரணம் காட்டுவாளாம்.

கோயிலில் அன்னதானம் நடக்கும்போது மத்தியானம் எழும்பிப் போய்விடுவாள். கேட்டால், "அடுப்பில கறி வைச்சிட்டு வந்தனான்" என்பாள். வீட்டுக்கு வந்த ஆட்களை இருக்கச் சொல்ல மாட்டாள். பெருமை பிடித்தவள் என்று சனம் சொன்னது. நானும் சொன்னேன்.

ஏன் மறைத்தாள் என்றால் அதற்கு ஊரில் ஒரு காரணம் இருக்கிறது. அவளுடைய தகப்பன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவருக்கும் இதே வருத்தம், கால் முகமெல்லாம் ஊதிச் செத்தவர். அப்போது மூத்த மகள் ஸ்வர்ணாவுக்குக் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் ஓடுகிற வருத்தமாம் என்று யாரோ போய்ச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் தாலிக்குக் கொடுத்த பொன்னைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்வர்ணா பிறகு கட்டவேயில்லை. இப்போது கனடாவில் தம்பி வீட்டில் இருக்கிறாள், அறுபத்தாறு வயது. தமக்கைக்கு நடந்தது தன் மகளுக்கு நடக்கக்கூடாது என்பதுதான் ரதிதேவிக்கு ஒரே நினைப்பு. அபிதாவின் கழுத்தில் தாலி ஏறும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று புருசனையும் மகளையும் சத்தியம் செய்ய வைத்தாள்.

போன வருடம் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்தது. பொடியன் அரவிந்த், வெலிங்டனில் எஞ்சினியர், தாய் சாந்தகுமாரி. பேசி வைத்தது ஹமில்டனில் இருக்கிற பங்கஜம், யசீகரனின் தாய்மாமன் மகள். பிள்ளைகள் இரண்டும் சந்தித்துக் கதைத்து ஓம் என்றுவிட்டார்கள். ஆடி மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை வெலிங்டனில் இரண்டு பக்கமும் இருந்து நாள் குறிப்பது என்று ஏற்பாடு.

அங்கேதான் சிக்கல். பங்கஜத்தின் வாசலை மிதிக்காமல், போகிற வழியில் இருக்கிற ஹமில்டனைத் தாண்டினால் அது வாழ்நாள் கோபம். வெலிங்டனில் சாந்தகுமாரி தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சொந்தம் இருக்க ஹோட்டலில் தங்கினால் குறை. வீட்டில் தங்கினால் நாலு தரம் கதவைப் பூட்டிக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். அப்போதுதான் யசீகரனோடு வேலை செய்கிற ஃபிஜிக்காரர் ஹரி பிரசாத் தன்னுடைய கரவனைத் தருகிறேன் என்றார். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற பழைய வீட்டு வண்டி. ஒரு கட்டில், ஒரு சிங்க், ஒரு கதவு. கட்டிலுக்கு அடியில் மருந்துப் பைகளை அடுக்கி, ஊர் பார்க்க ஆசை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் புதன்கிழமை வெளிக்கிட்டார்கள்.

பின்னேரம் பங்கஜம் வீட்டு வாசலில் நிறுத்தி, கராஜிலிருந்து கரண்டுக்கு வயர் இழுத்தான் யசீகரன். பையைச் சூடாக்கக் கரண்ட் வேண்டும். பங்கஜம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், வீட்டில மூண்டு அறை சும்மா கிடக்குது. நீங்கள் வாசலில பெட்டிக்க படுக்கிறதோ? ரோட்டால போறவை நான் உங்களைக் கலைச்சுவிட்டன் எண்டெல்லோ நினைப்பினம்."

"ரதிக்கு இதுக்கதான் நித்திரை வருது."

"என்னைக் கட்டியிருந்தா உந்தப் பெட்டியே தேவைப்பட்டிராது. மாமி அப்பவே கேட்டவ."

"கேட்டவதான். நான் தப்பிட்டன்."

"தப்பின ஆளைப் பார். ரதி மச்சாள், இவர் குறட்டை விடுறவரெல்லோ? அதுக்குத்தான் நான் வேண்டாம் எண்டனான்."

ரதிதேவியும் சிரித்தாளாம். பிறகு, உடுப்பு மாற்றப் போகிறேன் என்று கரவனுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். அந்தக் கதவின் கொளுக்கி பழுது, வடிவாகப் பூட்டாது. அதனால் யசீகரன் வெளியே நின்று காவல் பார்ப்பது என்று பேச்சு. நின்றான். ஆனால் பங்கஜம் வீட்டுக்குள் இருந்து, "அத்தான், சாந்தகுமாரி ஃபோனில நிக்கிறா, கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டாள். சம்பந்தி ஃபோனில் நிற்கும்போது எப்படி வரமாட்டேன் என்பது? போனான்.

ஃபோனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பங்கஜம் இடியப்பத் தட்டோடு நேரே கரவனுக்கு நடந்தாள்.

"என்ன மச்சாள், பூட்டிப்போட்டு இருக்கிறியள்?" என்று கதவை ஒரு இழுவை இழுத்தாள். உள்ளே ரதிதேவி பழைய பையைக் கழற்றி, குழாயின் நுனி திறந்தபடி இருந்த நேரம். முகத்துணியைப் பிய்த்தெறிந்து, மூடியைக் கண்டபடி திருகி, பையோடு சேர்த்துப் போர்வையை இழுத்து மூடவும் கொளுக்கி கழன்று கதவு திறந்தது.

"தலையிடி மச்சாள். எப்பன் நேரம் படுத்தனான்."

"படுங்கோ, படுங்கோ. சூட்டோட சாப்பிடுங்கோ" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள் பங்கஜம். அவள் ஒன்றையும் காணவில்லை.

யசீகரன் திரும்பி வந்தபோது மனைவி கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "நுனியில விரல் பட்டுட்டுது" என்றாள். அப்படி நடந்தால் உடனே தாதிக்குச் சொல்ல வேண்டும், குழாயை மாற்றி மருந்து போடுவார்கள். இரண்டு பேருக்கும் தெரியும். "நாலு வருசமா ஒண்டும் வரேல்ல. இப்பவும் வராது" என்று அவளே சொல்லி முடித்தாள்.

வியாழன் டவுப்போவில் கரவன்கள் நிற்கிற கேம்ப் ஒன்றில் தங்கினார்கள். அங்கே சொந்தக்காரர் இல்லை, மறைக்கத் தேவையில்லை. குளிரில் யன்னலுக்கு உள்பக்கம் தண்ணீர் வடிந்தது. அவளுக்கு மெல்லிய வயிற்றுவலி. பங்கஜத்தின் சொதியில் உறைப்புக் கூட என்றாள்.

வெள்ளி விடியத் தண்ணீரை எடுத்தார்கள். வெளியே வந்த பையை எழுத்துள்ள தாளில் வைத்துப் பார்க்க வேண்டும், தண்ணீருக்கூடாக எழுத்துத் தெரிந்தால் சுகம், மறைந்தால் கிருமி. அவர்கள் தமிழ்க் கலண்டர்த் தாள் ஒன்று வைத்திருந்தார்கள். யசீகரன் பையைத் தாளில் வைத்தான். திகதிகூடத் தெரியவில்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான்.

அவன் ஃபோனை எடுத்தான்.

"இஞ்சருங்கோ, அதை வையுங்கோ."

"கலங்கியெல்லோ இருக்கு, ரதி."

"எனக்குக் கண் தெரியும். ஃபோன் பண்ணினா உடன ஆஸ்பத்திரிக்கு வா எண்டுவினம். சாந்தகுமாரிக்கு என்ன சொல்லுவியள்? பங்கஜத்துக்கு என்ன சொல்லுவியள்?"

"உமக்கு ஏதும் நடந்தா?"

"நாளைக்கு மத்தியானம் நாள் வைச்சுப்போடுவினம். அதோட நேர ஆஸ்பத்திரிக்குப் போவம். ஒரு நாள்தானே."

அவன் பையைக் கொண்டுபோய்க் கேம்ப் கழிப்பறையில் ஊற்றினான். வயரைக் கழற்றினான். கரவனைக் கொளுவிக்கொண்டு வெலிங்டனுக்கு ஓட்டினான். வழி முழுக்க அவள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். ஒரு இடத்தில், "பள்ளத்தில மெல்லப் போங்கோ" என்றாள்.

சாந்தகுமாரியின் வீடு ஏற்றத்தில். கரவனைத் தெருவோரம் நிறுத்தினார்கள். சனி காலை ரதிதேவி பச்சைச் சேலை கட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு படி ஏறினாள். அபிதா தாயின் கையைப் பிடித்தவுடன், "அம்மா, நீங்க சுடுறீங்க" என்றாள். "வாயை மூடு" என்றாள் தாய்.

தேநீர் வந்தது. சாந்தகுமாரி பஞ்சாங்கத்தை விரித்தாள். தையில் இரண்டு நாள் நல்லது, பிள்ளைகளுக்கு எது வசதி என்று கேட்டாள். ரதிதேவி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே கதிரையிலிருந்து சரிந்து விழுந்தாள்.

அம்புலன்ஸில் வந்த வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் முழங்காலிட்டு, இவவுக்கு ஏற்கெனவே ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டாள். சுற்றிவர மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள். ரதிதேவி கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள். யசீகரன் சாந்தகுமாரியைப் பார்த்தான். அந்தப் பெண் இரண்டாம் தரம் கேட்டாள்.

அபிதாதான் சொன்னாள். டயாலிசிஸ், வயிற்றில் குழாய், நாலு வருடம் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாந்தகுமாரி பஞ்சாங்கத்தை மூடினாள். ரதிதேவி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். கிருமி இரத்தத்துக்குப் போய்விட்டது. முதல் நாலு நாள் நினைவு இருந்தது. புருசனோடு கதைத்தாள், தாதியோடு கதைத்தாள். தகவல் கேட்டு விமானத்தில் போன என்னையும் தெரிந்தது, "அண்ணை, சாப்பிட்டியளோ" என்றாள். அபிதா கட்டிலின் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடினாள். பிறகு நினைவு போய்விட்டது. ஒன்பதாம் நாள் காலை உயிர் போனது. மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சாந்தகுமாரி செத்தவீட்டுக்கு ஒக்லாந்துக்கு வந்தாள். மாலை போட்டாள். "ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்" என்று யசீகரனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு இல்லை. அரவிந்த் இரண்டு தரம் ஃபோன் எடுத்தானாம். அபிதா ஃபோனைத் தொடவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை அபிதா மவுண்ட் ரோஸ்கில்லில் தகப்பனோடு இருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடக்கும். "நான் சொன்னபடியாத்தானே அம்மாக்குக் கோவம்? சொல்லாம விட்டிருந்தா அம்மா என்னோட கதைச்சிருப்பா, என்னப்பா?" யசீகரன் ஒவ்வொரு நாளும், அப்படி இல்லைப் பிள்ளை, வருத்தத்தில திரும்பினவ என்று சமாளித்தான். அவள் சாப்பிடவில்லை, மெலிந்துகொண்டே போனாள். முப்பத்திரண்டாம் நாள் அவனால் ஏலவில்லை. குசினி மேசையில் எதிரே இருத்தினான்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை விடியவே எனக்குத் தெரியும். தண்ணி கலங்கித்தான் வந்தது. நான் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தனான்."

அபிதாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வெள்ளிக்கிழமையா? ஏன் ஃபோன் பண்ணேல்ல?"

"அம்மா வேண்டாம் எண்டவ."

"அம்மா வேண்டாம் எண்டா? நீங்க?"

இதையெல்லாம் யசீகரன்தான் பிறகு எனக்குச் சொன்னான்.

"நானும் நாள் குறிக்கட்டும் எண்டுதான் நினைச்சனான்" என்று சொன்னானாம்.

அபிதா எழும்பினாள். அறைக்குப் போய் உடுப்பை அடுக்கினாள். மத்தியானத்துக்கு முன்னே பையைக் காரில் வைத்தாள். அவன் வாசல் வரை போனான். கவனமாய்ப் போ என்று சொல்ல வேண்டும் என்றுதான் போனான். அவள் கண்ணாடியை இறக்கவில்லை.