கொழும்பு டிரைவரும் பர்மா டிரைவரும்

என் வீட்டுக்காரர் இலங்கையில் லாரி ஓட்டியவர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே இருக்க முடியாமல் போனதும் விருதுநகருக்கு வந்து, தீப்பெட்டி லோடு ஏற்றும் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் கல்யாணம். அறுபதுகளின் நடுவில் அதே ஷெட்டுக்கு இன்னொரு டிரைவர் வந்தார். ரங்கூன் பக்கம் நெல் மூட்டை ஓட்டியவர். பர்மாவில் நம் ஆட்களை வெளியேற்றியபோது கப்பலேறி வந்தவர். சொந்தபந்தம் என்று இங்கே யாரும் இல்லாததால் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார்.

இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் ரோட்டுப் பேச்சுதான்.

"அங்கன மலை ரோட்டுல ஏத்தத்துல வாரவனுக்குத்தான் வளி. எறங்குறவன் ஒதுங்கி நிப்பான். சிங்களவனோ தமிளனோ, கையத் தூக்கிக் காட்டிட்டுத்தான் தாண்டுவான். இங்கன உள்ளவனுக்கு ஒதுங்குனா மீசை எறங்கிருமே!" என்பார் என் வீட்டுக்காரர்.

பர்மாக்காரர் விடமாட்டார். "அதெல்லாம் தொரைமாருக்குப் பயந்து ஓட்டுறது அண்ணாச்சி. பர்மாவுல டிரைவரை 'சயா'ம்பாக. வாத்தியாருன்னு அர்த்தம். வளிநெடுகத் தண்ணிப்பானை வச்சிருப்பாக. ஆரன் சத்தமே கேக்காது."

"மாடு குறுக்க வந்தா?"

"அது போற வரைக்கும் எறங்கி நின்னு சுருட்டுக் குடிப்போம்."

எனக்குச் சிரிப்பு அடங்காது. பர்மாக்காரர் இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். அங்கே வியாபாரம் பார்ப்பது பெண்கள்தானாம். தலையில் பூவோடு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சந்தையில் வண்டியை நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்வார்களாம். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும். லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டும் நான் ஒரு நாள்கூட லாரியில் ஏறியதில்லை.

புளியங்குடியில் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. அதே வாரம் அந்த வழியாகச் செங்கோட்டைக்குத் தீப்பெட்டி லோடு இருந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பளைய லாரியில ஏத்திட்டுப் போனா ஷெட்டுல என்ன பேசுவான்?" என்றார் இவர்.

கிளீனர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் பர்மாக்காரர்தான் துணைக்குப் போவதாக இருந்தது. "பேசுறவன் பேசட்டும் அண்ணாச்சி. மதினி வரட்டும்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். இவரும் கடைசியில் இறங்கிவந்தார்.

விடிந்ததும் புறப்பட்டோம். பஸ்ஸில் பார்த்த ஊர்கள்தான். ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்க்க எல்லாமே புதிதாக இருந்தன. ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வந்தது.

சேத்தூருக்கு அப்பால் ஒரு ஒடுக்கப் பாலம். நாங்கள் பாதிக்கு மேல் போன பிறகு எதிரே பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏலே, பின்னால எடுலே!"

"நாங்கதான் முன்னால ஏறுனோம். கொளும்புலன்னா மொறைன்னு ஒண்ணு இருக்கும்" என்றார் இவர்.

"மொறையா? இது என்ன கொளும்பா?" என்றவர், அதற்குமேல் காதால் கேட்கக் கூடாத சில வார்த்தைகளையும் அவிழ்த்துவிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார் போலிருக்கிறது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. இவர் பாலம் முழுவதும் லாரியைப் பின்னாலேயே கொண்டுபோய் வழிவிட்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

சிவகிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் படாரென்று ஒரு சத்தம். முன் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. பட்டை கிடைக்குமா என்று பார்க்க இவர் சிவகிரிக்கு நடந்தே போனார். நானும் பர்மாக்காரரும் ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தோம்.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "அங்கன பொம்பளைக லாரியில வருவாகன்னு சொல்லுவீகளே, நெசந்தானா?"

"எல்லாரும் வரமாட்டாக மதினி. எம் பொண்டாட்டி வருவா."

கல்யாணம் ஆனவர் என்றே எங்களுக்குத் தெரியாது. அவள் பர்மியப் பெண். கருவாட்டு வியாபாரம். பர்மாக்காரரை அரசாங்கம் அங்கே இருக்க விடவில்லை. அவளுடைய அம்மா எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததால் அவளால் கிளம்பவும் முடியவில்லை. "கப்பலடி வரைக்கும் வந்தா. வெரசா ஓட்டாதீகன்னு மட்டும் சொன்னா" என்றார். செம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு லாரிக்கு ஜாக்கி வைக்க எழுந்துபோனார்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு லாரி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் அதிலிருந்து இறங்கினார். கூடவே இறங்கியவர் காலையில் பாலத்தில் ஏசிய அதே டிரைவர்! பஞ்சை மில்லில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், வெறுங்கையோடு நடந்துவந்த இவரைப் பார்த்து ஏற்றிக்கொண்டாராம். தன் வண்டியில் கிடந்த பழைய பட்டையை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் லாரிக்கு அடியில் படுத்துவிட்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து பட்டையை மாட்டி முடித்தார்கள்.

கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றை நால்வருமாகச் சாப்பிட்டோம். இவர் கேட்டார்: "காலையில அம்புட்டுப் பேச்சு பேசுனீரே, இப்ப எதுக்கு நின்னீரு?"

"அது பாலத்துல. வண்டி படுத்துக் கெடக்கையில எவன்வே தாண்டிப் போவான்?"

அவர் என் பக்கம் திரும்பி, "தாயி, காலையில ஏசுனதை மனசுல வைக்காதீக. நீங்க இருந்ததைப் பாக்கலை" என்றார். பர்மாக்காரர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "இந்த ஊருக்காரனை மட்டும் ஒரு கணக்குல அடக்க முடியாது அண்ணாச்சி" என்றார். என் வீட்டுக்காரர் பஞ்சு லாரிக்காரருக்கு இன்னொரு கை புளிச்சோறு வைத்தார். இருட்டிய பிறகு புளியங்குடி போய்ச் சேர்ந்து தங்கை பிள்ளையைப் பார்த்தேன்.

பர்மாக்காரரால் பர்மாவுக்குத் திரும்பிப் போகவே முடியவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் சாப்பிட வரும்போதெல்லாம் நான் அவளைப் பற்றிக் கேட்பேன். அவரும் மறைக்காமல் சொல்வார். அவள் வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வது, சந்தையில் பேரம் பேசுவது, கோபம் வந்தால் தமிழில் திட்டுவது. நான் பார்த்தே இராத அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒருத்தியாகிவிட்டாள்.

அடுத்த குற்றாலச் சீசனுக்கு நான் கேட்காமலேயே என் வீட்டுக்காரர் என்னை லாரியில் கூட்டிப்போனார். ஷெட்டில் கேலி பேசத்தான் செய்தார்கள். மறு சீசனில் கேலி பேசியவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்காரிகளை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிளம்பியிருந்தார்கள்.